பாட்டுக்கு ஒரு பெட்டி, கதைக்க ஒரு போன்



"மிஸ், ஒரு விசயம் கேட்டால் சிரிக்கக் கூடாது."

2019 ஆம் ஆண்டின் நடுப்பகுதி அது. கிளிநொச்சி மாவட்டத்தில் நான் கடமைக்குப் போகும் ஒரு கிராமத்தில், மாதர் சங்கக் கட்டடத்தில், குடும்ப வரவு செலவுக் கணக்கு எழுதும் வகுப்பை முடித்துவிட்டுக் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் போன பின்பும் ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருப்பதால், ஊரார் கூப்பிடுவதுபோல் தையலக்கா என்றே இங்கு எழுதுகிறேன். பாடசாலைச் சீருடை தைத்து, ஒரு மகளைத் தனியே வளர்ப்பவர்.

"சந்தையடியிலை ஒரு சின்னப் பாட்டுப் பெட்டி பாத்தனான். சிப் போட்டால் பாட்டுப் படிக்குது. றேடியோவும் வருது. ஆயிரத்து எண்ணூறு ரூபா. காசு சேத்து வைச்சிருக்கிறன். வாங்கட்டோ?"

நான் சிரிக்கவில்லை. ஆனால் யோசிக்கவும் இல்லை. அப்போதுதான் "அவசியச் செலவு, அநாவசியச் செலவு" என்று கரும்பலகையில் இரண்டு நிரல் கீறிப் படிப்பித்துவிட்டு நின்றேன்.

"உங்களிட்டைப் போன் இருக்குத்தானே அக்கா. அதிலையே பாட்டுக் கேக்கலாம். பிறகேன் ஒரே வேலைக்கு ரெண்டு சாமான்?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அதுவும் சரிதான்" என்றார். அந்தக் காசு சீட்டுக்குப் போனது. அந்த மாத அறிக்கையில் "பயனாளி ஒருவர் அநாவசியச் செலவைத் தவிர்த்தார்" என்று ஒரு வரி எழுதினேன். அந்த வரியை எழுதியபோது எனக்கு மனநிறைவாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புத்திமதி பிழை என்று விளங்க எனக்கு மூன்று வருடம் எடுத்தது.

சைக்கிள் சில்லில் வந்த பாட்டு

பாட்டு அநாவசியம் என்று நான் சொன்னதுதான் ஆச்சரியம். ஏனென்றால், பாட்டுக்காக மனிதர் எவ்வளவு பாடுபடுவார்கள் என்பதைச் சிறு வயதிலேயே கண்டவள் நான்.

1990 இல் யாழ்ப்பாணத்துக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்த காலம். அம்மப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து றேடியோவில் கொழுவுவார். பெடலைக் கையால் சுற்றுவது என்னுடைய வேலை. சுற்றினால் செய்தி வரும், பாட்டு வரும். கை உழைந்து நிறுத்தினால் பாட்டும் நின்றுவிடும். "சுத்து பிள்ளை, சுத்து" என்று குசினிக்குள் இருந்து அம்மம்மா கத்துவார். செய்திக்கு அவர் அப்படிக் கத்தியதில்லை. பாட்டுக்குத்தான் கத்துவார்.

அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில்கூட அந்த அரை மணித்தியாலத்தை எங்கள் வீட்டில் யாரும் வீண் என்று சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது "ஓய்வும் ஒரு மனிதத் தேவை" என்று சோதனையில் எழுதிப் புள்ளியும் எடுத்தேன். இத்தனைக்குப் பிறகும், தையலக்கா கேட்டபோது என் வாயில் வந்தது கணக்குத்தான்.

இரண்டு சாமான் ஒன்றான கதை

ஒரு காலத்தில் இவை இரண்டும் வேறு வேறு பொருட்கள். பிலிப்ஸ் நிறுவனம் கசெற்றை 1963 இல் அறிமுகம் செய்தது. சோனி நிறுவனம் 1979 இல் யப்பானில் வோக்மனை விற்பனைக்கு விட்டது. நடந்துகொண்டே தனியாகப் பாட்டுக் கேட்கும் வசதி அதோடு பரவலாகியது. 2001 இல் அப்பிள் நிறுவனத்தின் ஐபொட் வந்தது. கசெற் இல்லாமலே ஆயிரம் பாட்டைச் சட்டைப் பைக்குள் வைக்கலாம் என்றானது.

பிறகு போன் எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொண்டது. பாட்டு, படம், கமெரா, டோர்ச், கணக்குப் பொறி, மணிக்கூடு எல்லாம் ஒரே கைக்குள் வந்தன. 2022 மே மாதத்தில் ஐபொட் தயாரிப்பை நிறுத்துவதாக அப்பிள் நிறுவனமே அறிவித்தது.

எங்கள் பகுதிகளில் இந்த மாற்றம் பிந்தித்தான் வந்தது. வன்னியில் போர் முடிந்து மீள்குடியேறிய பிறகுதான் பலர் முதல் தடவையாகக் கைத்தொலைபேசி வாங்கினார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவோடு கதைக்க வேண்டும், பிள்ளை பாடசாலையால் வந்துவிட்டதா என்று அறிய வேண்டும், தைத்த உடுப்பைக் கேட்டு ஆட்கள் எடுக்க வேண்டும். போன் இல்லாமல் இன்று ஒரு குடும்பத்தை நடத்த முடியாது. அது அவசியம் என்பதில் இரண்டாவது பேச்சில்லை.

அந்த அவசியமான பொருளின் மேல் மற்ற எல்லாவற்றையும் ஏற்றிவைப்பது சரியா என்பதுதான் கேள்வி. ஒரு வண்டிலில் எவ்வளவு ஏற்றலாம் என்று மாட்டுக்காரருக்குத் தெரியும். போனுக்கு அப்படி ஒரு கணக்கை நாம் பார்ப்பதில்லை.

போன் நின்ற நாள்

தையலக்காவின் போன் 2017 இல் வாங்கியது. என் புத்திமதிக்குப் பிறகு தைக்கும்போதெல்லாம் அதில்தான் பாட்டு. 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதும் மகளின் பாடங்களும் அந்தப் போனுக்குள்ளேயே வந்தன. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அது. மகள் படித்தால் தாய்க்குப் பாட்டு இல்லை. தாய்க்கு ஒரு அழைப்பு வந்தால் மகளுக்குப் பாடம் அறுந்துவிடும்.

2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. மார்ச் மாத இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. கரண்ட் வரும் நேரத்தில் போனைச் சார்ஜில் போட்டபடியே கதைப்பது, படிப்பது, பாட்டுக் கேட்பது எல்லாம் நடந்தது. ஒரு நாள் போனின் பின் மூடி மெல்ல எழும்பி நின்றது. பற்றரி உப்பிவிட்டது. இரண்டு நாளில் போன் நின்றுவிட்டது.

பாட்டுக் கேட்டதால்தான் அது பழுதானது என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து வருடப் பழைய போன். இந்த வகைப் பற்றரிகள் சில நூறு தடவை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியதும் வலுவிழக்கத் தொடங்கும். எவ்வளவு கூடப் பாவிக்கிறோமோ அவ்வளவு விரைவாக அந்த நாள் வரும். அவ்வளவுதான்.

அவர் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனார். புதுப் பற்றரி போட்டும் போன் ஒழுங்காகத் திறக்கவில்லை. "சொவ்ற்வெயர் அடிக்க வேணும்" என்று கடைப் பெடியன் சொன்னான். அவர் தலையாட்டினார். பின்னேரம் போன் வேலை செய்தது. புதுப் போன் போலவே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அந்த வாரம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது தையல் மெசின் மூடியிருந்தது. சுகமில்லையோ என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

"அவற்றை குரல் போட்டுது, பிள்ளை."

பதினொரு நிமிடம்

அன்றைக்குத்தான் அவர் என்னை மிஸ் என்று கூப்பிடாமல் பிள்ளை என்று கூப்பிட்டார்.

அவருடைய கணவரைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியதில் கலியாணப் படம் உட்பட எல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் வெளிநாட்டில் தப்பியிருந்தது. 2005 இல் ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், கனடாவில் இருக்கும் மச்சாள், அதாவது கணவரின் தமக்கை, ஊருக்கு வந்திருந்தார். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. மச்சாள் கொண்டுவந்த வோக்மன் குரலையும் பதியக் கூடியது. வீட்டுச் சத்தத்தை அப்படியே பதிந்துகொண்டு போயிருக்கிறார். அதில் கணவர் ஆட்களை வரவேற்கிறார், ஆரையோ பகிடி பண்ணுகிறார், குழந்தை அழ ஒரு தாலாட்டை இடையில் மறந்து மறந்து படிக்கிறார். மொத்தம் பதினொரு நிமிடம்.

2018 இல் மச்சாளின் மகன் அந்தக் கசெற்றைக் கணினியில் ஏற்றி வைபரில் அனுப்பினான். தகப்பனைப் பிரிந்தபோது மகளுக்கு நாலு வயது. தகப்பனின் முகம் அவளுக்குப் புகைபோல. குரல் நினைவேயில்லை. அந்தப் பதினொரு நிமிடத்தில்தான் அவள் தன் தகப்பனைக் கேட்டாள்.

"எனக்குப் பாட்டுப் பெட்டி ஏன் கேட்டது தெரியுமோ? போனிலை அவற்றை குரலைப் போட்டிட்டுத் தைச்சுக்கொண்டிருப்பன். இடையிலை கோல் வரும். கடன் காசு கேக்கிற ஆள் எடுப்பார். அவர் தாலாட்டுப் பாடிக்கொண்டிருக்கேக்கை 'இந்தக் கிழமைக் காசு என்ன மாதிரி' எண்டு வேற ஒரு ஆம்பிளைக் குரல். எனக்கு அது பொறுக்கேலாது. அதுக்குத்தான் ஆரும் உள்ளை வராத ஒரு பெட்டி வேணும் எண்டு நினைச்சனான். அண்டைக்கு உங்களிட்டை இதைச் சொல்ல வெக்கமாயிருந்தது."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஒரு பெண் பொருள் ஒன்றைக் கேட்கும்போது அதன் விலையை மட்டும் பார்க்கக் கூடாது, அது ஏன் வேண்டும் என்றும் கேட்க வேண்டும் என்பதை அன்று படித்தேன். எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எனக்கு அது அப்படி உறைத்ததில்லை.

கனடாவுக்கு எழுதினோம். மச்சாளும் போன் மாற்றியிருந்தார், அவரிடமும் அந்தப் பதிவு இல்லை. மருமகனின் பழைய கணினியும் இல்லை. ஆனால் கசெற் இருந்தது. லாச்சிக்குள் வோக்மனோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்திருந்தாராம். வோக்மன் ஓடவில்லை. பழைய மெசின்களில் உள்ளிருக்கும் இறப்பர் பட்டி காலம் போக இளகிவிடும். தெரிந்தவர் ஒருவரிடம் இரவலாக ஒரு கசெற் பிளேயர் வாங்கி, திரும்பவும் பதிந்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதமும் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை.

புதிய போன்களில் இரண்டு தடவை தொலைந்த குரல், பதினேழு வருடப் பழைய கசெற்றில் இருந்து திரும்பி வந்தது.

சங்கத்தில் கதைத்தவை

இதன் பிறகு தையலக்காவின் சம்மதத்தோடு இந்த விடயத்தைச் சங்கக் கூட்டத்தில் எடுத்தேன். "போன் போதுமா, பாட்டுக்குத் தனியாக ஒன்று வேண்டுமா?" சும்மா கதையாகத் தொடங்கி இரண்டு மணித்தியாலம் போனது.

ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு தங்கச்சி, "எனக்குப் போன் காணும் மிஸ். பஸ்ஸிலை போகேக்கையும் வரேக்கையும் கேக்கிறன். ரெண்டு சாமானைக் காவ ஏலாது" என்றாள். அவளுக்கு அதுதான் சரி. போன் அவள் ஒருத்தியுடையது. வேறு யாரும் அதைக் கேட்டு வருவதில்லை.

மாடு வளர்க்கும் ஒரு அக்கா, பொத்தான் போன்தான் வைத்திருக்கிறார். அதில் எப்.எம். வானொலி உண்டு. "விடிய நாலரைக்குப் பால் கறக்கேக்கை ஒரு குரல் கேட்டால் தனிய நிக்கிற மாதிரித் தெரியாது" என்றார்.

எழுபது வயது ஆச்சி ஒருவர், "உந்த வழுக்கல் போன் என்ரை விரலுக்கு அசையுதில்லை. பொத்தானை அமத்தினால் படிக்கிற சாமான்தான் எனக்கு வேணும்" என்றார்.

இன்னொரு தங்கச்சி சொன்னதுதான் எங்கள் எல்லோரையும் அமைதியாக்கியது. பாட்டு ஏற்றக் கடைக்குப் போனைக் கொடுத்திருக்கிறாள். அரை மணித்தியாலம் கழித்துத்தான் திருப்பித் தந்தார்களாம். பிறகு சில நாட்களாகத் தெரியாத இலக்கங்களில் இருந்து அழைப்பு, இரவிலும் அழைப்பு. போனுக்குள் இருந்த தன் படங்கள் யார் கைக்குப் போயிருக்குமோ என்று அவள் மாதக்கணக்கில் பயந்திருக்கிறாள். ஆண் துணை இல்லாத வீடு என்று தெரிந்தால் இப்படித் தொல்லை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எங்களில் பலருக்குப் புதிய செய்தியல்ல. அவள் வாய் திறந்ததும் இன்னும் இருவர் தங்களுக்கும் அப்படி நடந்ததாகச் சொன்னார்கள்.

பாட்டுப் பெட்டியாக இருந்தால் கடைக்காரரிடம் சிப்பை மட்டும் கொடுத்தால் போதும். அதற்குள் இலக்கமும் இல்லை, படமும் இல்லை, எங்கள் வீட்டுக் கதையும் இல்லை. நான் "ஒரே வேலைக்கு ரெண்டு சாமான்" என்று சொன்னபோது இதையெல்லாம் கணக்கில் எடுக்கவில்லை.

எதைத் தெரிவு செய்யலாம்?

எல்லோருக்கும் ஒரே விடை இல்லை. கூட்டத்தில் பேசியவற்றையும் பிறகு நான் விசாரித்து அறிந்தவற்றையும் சேர்த்துக் கீழே தருகிறேன். காசைக் கொடுக்க முன் இவற்றை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

1. போன் யாருடையது? நீங்கள் மட்டும் பாவிப்பதாயின் அதிலேயே பாட்டுக் கேட்பதில் பிழையில்லை. பிள்ளையின் படிப்பும் உங்கள் தொழிலும் அதே போனில் என்றால் பாட்டுக்கு வேறு ஒன்று இருப்பது நல்லது.

2. பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது? இரவு ஒரு அவசரம் என்றால், வைத்தியசாலைக்கோ அயலவருக்கோ எடுக்கப் போனில் சார்ஜ் இருக்க வேண்டும். படம் ஓடவிட்டுப் பாட்டுக் கேட்டால் சார்ஜ் விரைவாக இறங்கும், டேட்டாவும் போகும். சிப்பில் இருக்கும் பாட்டைத் திரையை அணைத்துவிட்டுக் கேட்டால் இரண்டும் மிச்சம்.

3. வீட்டில் பழைய போன் கிடக்கிறதா? இதுதான் செலவில்லாத வழி. சிம் இல்லாவிட்டாலும் பழைய போன் பாட்டுப் படிக்கும். திரை கொஞ்சம் வெடித்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் பற்றரி உப்பியிருந்தால் அதைத் தொடவேண்டாம். குத்துவதும் அமத்துவதும் சார்ஜ் போடுவதும் தீப்பிடிக்கக் காரணமாகலாம்.

4. பொத்தான் போன் போதுமா? சிப் போடும் இடமும் எப்.எம். வானொலியும் உள்ள பொத்தான் போன் ஒன்றால் இரண்டு வேலையும் நடக்கும், சார்ஜும் நாட்கணக்கில் நிற்கும். பல போன்களில் ஹெட்செற் வயரே வானொலிக்கு அன்ரெனாவாக இருப்பதால், வயர் கொழுவாவிட்டால் வானொலி எடுக்காது. இதைத் தெரியாமல் "பழுது" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

5. பாட்டுப் பெட்டி வாங்குவதானால் கடையிலேயே போட்டுக் கேளுங்கள். சிப், பென் டிரைவ், வானொலி மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பெரிய சிப் வேண்டியதில்லை. வழமையான தரத்தில் பதிந்த எம்.பி.3 பாட்டு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்.பி. இடம் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுக்கு 5 எம்.பி. என்றால், 1 ஜி.பி. இல் ஏறக்குறைய 200 பாட்டும் 8 ஜி.பி. இல் ஏறக்குறைய 1,600 பாட்டும் அடங்கும்.

6. தவணைக்கு வாங்கவேண்டாம். பாட்டுக்காக விலைகூடிய போனைக் கடனில் எடுத்தால், பாட்டை விடக் கடன்காரரின் குரலைத்தான் கூடக் கேட்கவேண்டி வரும். 2022 இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் அந்த வருட மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. இறக்குமதிப் பொருளின் விலை எந்த நேரமும் எங்கள் கையை மீறலாம். சேர்த்த காசுக்கு வரும் சிறிய பெட்டியே நிம்மதி.

7. காதைக் கவனியுங்கள். தையல் மெசின் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக ஹெட்செற்றில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம், அது காதுக்குக் கூடாது. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முழு ஒலியில் 60 வீதத்துக்குள் வைத்துக்கொண்டால் நல்லது. ஷெல் சத்தத்தால் ஏற்கனவே காது பாதிக்கப்பட்டவர்கள் ஹெட்செற்றை விட்டு, வெளியே கேட்கும் பெட்டியைப் பாவிப்பது நல்லது. சைக்கிள் ஓடும்போதும் வீதியால் நடக்கும்போதும் இரண்டு காதிலும் வயர் வேண்டாம்.

கடைக்குப் போனைக் கொடுக்கும்போது

பாட்டு ஏற்றுவதற்குப் போனைக் கொடுக்காதீர்கள், சிப்பையோ பென் டிரைவையோ மட்டும் கொடுங்கள். திருத்தக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் சிம்மையும் சிப்பையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். இயலுமானால் பக்கத்தில் நின்று பாருங்கள். "சொவ்ற்வெயர் அடிக்க வேணும்" என்று சொன்னால், "உள்ளே இருப்பதெல்லாம் அழியுமா? முதலில் எடுத்துத் தர இயலுமா?" என்று கேட்ட பிறகே சம்மதியுங்கள். இந்த ஒரு கேள்வியைத் தையலக்காவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வரவு செலவு படிப்பித்த நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ரீலோட் போடும்போது இலக்கத்தைக் கடைக் கொப்பியில் எழுதவேண்டி வந்தால், காட் வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளலாம். தொல்லை அழைப்பு வந்தால் அது உங்கள் பிழை அல்ல. இலக்கத்தையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு, பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவிலோ சொல்லுங்கள். தனியே போகத் தயக்கமாயின் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த மாதம் ஒரு வேலை

எங்களில் பலருக்கு இழந்தவர்களின் நினைவாக மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். ஒரு படம், ஒரு அடையாள அட்டைப் பிரதி, ஒரு குரல். அது போனுக்குள் மட்டும் இருக்குமானால் இந்த மாதமே வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று சிப்பில், ஒன்று வேறு வீட்டில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம். சிப்பும் பழுதாகலாம், பெட்டியும் உடையலாம். ஆனால் மூன்று இடமும் ஒரே நாளில் அழிவது அரிது. பழைய கசெற் இருந்தால், ஓடாது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வைத்து, ஓடும் மெசின் உள்ளவரைத் தேடுங்கள்.

தையலக்கா கடைசியில் அந்தப் பெட்டியை வாங்கினார். விலை ஏறியிருந்தது. சீட்டுக் காசு வந்ததும் என்னைக் கேட்காமலே போய் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் கேட்காமல் வாங்கியது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

சென்ற முறை போனபோது மெசின் மேசையில் பெட்டி இருந்தது. பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. போன் சுவர் ஆணியில் ஒரு துணிப் பைக்குள் தொங்கியது. இடையில் அது அடித்தது. அக்கா எழும்பிப் போய்க் கதைத்துவிட்டு வந்தார். சட்டை கேட்ட ஆள் என்றார். அவர் கதைத்து முடியும் வரை பெட்டி நிற்காமல் படித்துக்கொண்டிருந்தது.

"குரல் எந்தச் சிப்பிலை அக்கா?" என்று கேட்டேன்.

"அது வேற சிப். அதைப் பின்னேரத்திலைதான் போடுறது. அவள் பள்ளிக்கூடத்தாலை வந்த பிறகு."

பிறகு மெசினை மிதிக்கத் தொடங்கினார். நான் மறுநாள் வகுப்புக்கான கொப்பியை எடுத்து, கரும்பலகையில் நான் வழமையாகக் கீறும் இரண்டு நிரலுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன். தலைப்பு: "எனக்காக."